கடவின் அகலம்

லாரி உடுமலையைத் தாண்டி வடக்கே திரும்பியதும் துளசிமணிக்கு, இந்நேரம் தான் பஸ்ஸில் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஜன்னலோரம், மடியில் பை, டிக்கெட்டை வளையலுக்கடியில் செருகிக்கொண்டு, நாலு பேரைப் போல. இங்கே என்னவென்றால் ஓடுகிற மினி லாரியின் முதுகில், சங்கிலி போட்டுக் கட்டிய புது டிராக்டரின் மேல், பாலிதீன் உறைகூடக் கழற்றாத சீட்டில், ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி போய்க்கொண்டிருக்கிறாள். அதுவும் பின்பக்கம் பார்த்துக்கொண்டு. இறக்கும்போது நேராக இறங்கட்டும் என்று ஷோரூம் மெக்கானிக் வண்டியை ரிவர்ஸிலேயே மேலே ஏற்றிவிட்டான். ஆகவே அவள் முதுகு லாரியின் கேபினை ஒட்டியிருந்தது, முகம் வந்த வழியைப் பார்த்தது. முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. புளியமரமோ பாலமோ பஞ்சர் கடையோ, அவளைக் கடந்துபோன பிறகுதான் கண்ணில் படும், பட்டதும் சிறுத்துக்கொண்டே போகும். ஆனி மாதக் காற்று பானெட்டின் மேல் கிடந்த சாமந்தி மாலையைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டில் எறிந்தது. பின்னால் மொபெட்டில் வந்தவன் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். அவள் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் லாரி இடதுபக்கம் போகுமா என்ன, பிடித்து ஒரு புண்ணியமும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், ஆனால் விட மனசு வரவில்லை. வண்டி இவளுடையது, ரசீதில் இவள் பேர், சாவி மட்டும் அவருடைய சட்டைப் பையில்.

அவர் என்றால் மச்சாண்டார், புருஷனின் அண்ணன். கேபினில், டிரைவர் இலியாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பினால் சின்னக் கண்ணாடி வழியாக அவருடைய நரைத்த பின்னந்தலையும் வெள்ளைக் காலரும் தெரியும். அவள் திரும்பவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்தில் அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்ததும் இல்லை, அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. அந்தக் குடும்பத்தில் முறை அப்படி. மச்சாண்டார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவர் உட்கார்ந்திருக்கும் கட்டிலில் உட்காரக் கூடாது, கைக்குக் கை எதையும் கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது. இவள் கீழே வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். பேச வேண்டியிருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். இந்த முறையெல்லாம் மற்ற வீடுகளில் எப்போதோ காற்றில் போய்விட்டது, இங்கே மட்டும் யாரும் முதலில் விட முன்வராததால் அப்படியே நின்றுவிட்டது. காலையில் ஏழு மணிக்கு அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் அங்கே அவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. டீக்கடைக்காரரைப் பார்த்து, "டிராக்டர் எடுக்கப் போறப்ப ஊட்டு ஆம்பள ஒருத்தரு கூட இருந்தாத்தானப்பா மருவாதி" என்றார். டீக்கடைக்காரருக்கும் அந்த டிராக்டருக்கும் என்ன சம்பந்தம். அது இவளுக்கான சேதி. இவளும் டீக்கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான், அந்த நிமிஷத்தில் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஷோரூமில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து, சாவியைத் தட்டில் வைத்து வீட்டுப் பெரியவர் யாரு என்று கேட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மச்சாண்டார் சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்ல நேரத்தில் நல்ல காரியம் நடக்கும்போது நடுவில் கையை நீட்டிச் சாவி கேட்க முடியுமா. அப்புறம் லாரி வந்தது. "ஏறுங்கக்கா, மூணு பேரு தாராளமா உக்காரலாம்" என்றான் இலியாஸ். அவர் ஏற்கெனவே ஏறிச் செருப்பைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாயிற்று. அந்த சீட்டில் இவள் எப்படி உட்காருவாள். அவரும் இறங்கவில்லை. இலியாஸிடம், "அவங்க பஸ்ல வந்தர்ருவாங்க. நாம போலாம்" என்றார். பஸ்ஸென்றால் குடிமங்கலம் நால்ரோட்டில் மாற வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இவள் ஊர் போய்ச் சேரும்போது டிராக்டர் அவருடைய செட்டில் அவருடைய பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். நினைத்த மாத்திரத்தில் அவள் லாரி டயரின் மேல் கால் வைத்துவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வந்து இந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இலியாஸ் தலையைச் சொறிந்தான். "போலீஸ்காரன் பாத்தா என்னையத்தானக்கா திட்டுவான்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டியாப் புடிச்சுக்கங்க. நிறுத்தோணும்னா கேபின் தலையில ரெண்டு தட்டுத் தட்டுங்க" என்றான்.

ரெண்டு தட்டு. அதுவாவது இருக்கிறது. காலடியில் கிடந்த பையை அவள் பாதத்தால் நெருக்கிக்கொண்டாள். பைக்குள் ரசீது, சர்வீஸ் புத்தகம், தண்ணீர் பாட்டில், ஒரு கன்றுக்குட்டிக் கயிறு. கயிற்றை நினைத்ததும் காது சூடாயிற்று. ஷோரூம் முழுக்க அந்தக் கயிற்றைத்தான் பேசிச் சிரித்திருப்பார்கள். அவளுடைய மூன்று ஏக்கர் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் ரோட்டிலிருந்து உள்ளே போக வழி கிடையாது, நீளத்துக்கும் கிளுவை முள்வேலி. முதலில் இவள் காடு வரும், அதைத் தாண்டினால் மச்சாண்டாரின் களம், களத்துக்குள் போய் ஓரத்தில் இரண்டு கல்தூணுக்கு நடுவில் நுழைந்தால்தான் இவள் காடு. அந்தக் கல்தூண் வழிதான் கடவு. மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்தார், கடவைப் பிரிக்கவில்லை. இருவருக்கும் ஒரே கடவு என்று சொல்லிவிட்டுப் போய்ச்சேர்ந்தார். தனிக் கடவு வெட்டினால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அண்ணன் தம்பி வீட்டுக்குள் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று. முறிவதற்கு முதலில் பேச்சு என்று ஒன்று இருக்க வேண்டாமா என்று அவள் மகள் பிருந்தா பெங்களூரிலிருந்து போனில் சிரிப்பாள். சிரிப்பவளுக்கென்ன. முந்தாநாள் சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துளசிமணி அந்தக் கயிற்றை ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சுக்குள் அடங்குகிற டிராக்டர்தான் வேண்டும். டை கட்டிய சேல்ஸ்காரர் குதிரைத்திறன் என்றார், எத்தனை கிலோ தூக்கும் என்றார், இவள் ஒவ்வொரு டிராக்டரின் பின்னாலும் குந்தி உட்கார்ந்து ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் கயிற்றைப் பிடித்தாள். "மேடம், எல்லாரும் இஞ்சினப் பாப்பாங்க, நீங்க கயித்தப் பாக்கறீங்க" என்றார் அவர். இருபத்து நாலு குதிரைத்திறனில் ஒன்று நின்றது. அதில் ஏறி உட்கார்ந்ததும் இடதுகால் தானாகக் கிளட்ச்சைப் போய்த் தொட்டது, ஸ்டியரிங் மார்புக்கு நேராக வந்தது, இதுதான் என்று வயிறு சொன்னது. இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு விரல் அதிகம். மறுபடியும் பிடித்தாள், இழுத்துப் பிடித்தாள், கயிறு இரண்டு நாளில் சுருங்கியிருக்குமோ என்றுகூடப் பார்த்தாள். இரண்டு விரல். சக்கரத்தை உள்ளே தள்ளிப் போட முடியுமா என்று கேட்டதற்கு இதுக்கு மேலே முடியாது மேடம் என்றார். கடைசியில் இருப்பதில் சின்னதை, பதினெட்டு குதிரைத்திறனை எடுத்துக்கொண்டாள். "செம்மண்ணுக்குத் தாராளம். கரிசல்னா கொஞ்சம் மூச்சு வாங்கும்." அவளுடைய மூன்று ஏக்கரில் கீழ்க்கோடி ஒரு ஏக்கர் கரிசல். அவள் அதைச் சொல்லவில்லை. மூச்சு வாங்கட்டும், நான் வாங்காத மூச்சா என்று நினைத்துக்கொண்டாள். இப்போது உட்கார்ந்திருக்கும் சீட்டு அவளுக்குப் பற்றவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. இரண்டு விரல்.

ஒரு காற்றாலை பின்னால் தோன்றிச் சுற்றிக்கொண்டே விலகியது, அதன் நிழல் லாரியை ஒருமுறை வெட்டிவிட்டுப் போயிற்று. அக்கா இருந்திருந்தால் இந்தக் கூத்து ஒன்றும் இல்லை. அக்கா என்றால் மச்சாண்டாரின் மனைவி, இவளுடைய ஓரம்படியாள். மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாக இருந்தால் இவள் கடவுக்குப் போய், "அக்கா, எங்க காட்டுக்கும் ஒரு ஓட்டு ஓட்டச் சொல்லுங்க" என்பாள். அவர் நாலடி தள்ளிக் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார், காது நன்றாகவே கேட்கும். அக்கா திரும்பி, "துளசி காட்டுக்கும் ஓட்டோணுமாமா" என்பாள். அவர் அக்காவிடம், "பாக்கலாம்" என்பார். அக்கா இவளிடம், "பாக்கலாங்கறாங்க" என்பாள். மூன்று பேரும் ஒரே வேப்பமர நிழலில். தன் காட்டை ஓட்டி முடித்துவிட்டுத்தான் இவள் காட்டுக்கு வருவார், ஈரம் பாதி போயிருக்கும், இருந்தாலும் வருவார், வராமல் இருந்ததில்லை. தை மாதம் அக்கா போய்விட்டாள். பதினாறு நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் துளசிமணிக்கு உறைத்தது, நடுவில் ஆள் இல்லை. சித்திரையில் ஒரு மழை பெய்தது, நல்ல மழை. காலையில் மண் வாசம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. இவள் கடவில் வந்து நின்றாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவள் நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார். இவள் தூணில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். எங்க காட்டுக்கும் ஒரு ஓட்டு ஓட்டோணுங்க. இதுதான், இவ்வளவுதான், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அங்கேயே ஒட்டிக்கொண்டது. மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் வெயில் அடித்து மேல்மண் வெளுத்துவிட்டது. ஐந்தாம் நாள் தேங்காய் போட வந்தவரிடம் அவர் சொல்லியனுப்பியிருந்தார், கேட்டா ஓட்டமாட்டனா என்று. அதைக் கேட்டு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதாளா வெட்கத்தில் அழுதாளா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக ஒரு டிராக்டர் வாங்கியவள் இந்தக் கொங்குச் சீமையில் அநேகமாக இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நால்ரோட்டில் லாரி நின்றது. இலியாஸ் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு டயரின் மேல் ஏறி நீட்டினான். "அக்கா, பெரியவரு என்ன சொல்றாருன்னா, வண்டிய அவரு களத்து மேட்டுலயே எறக்கீரலாமாம். செட்டுல ஒரு பக்கம் சும்மாத்தான் கெடக்குதாம். மழைக்கும் வெயிலுக்கும் அங்கயே நிக்கட்டும், உங்களுக்கு வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்னாரு. சரிங்களா?" அவர் டீக்கடை வாசலில் வெறுங்காலோடு நின்று, எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வருசமாகப் பார்த்த போர்டு. துளசிமணி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எங்க காட்டுலயே நிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். "ம்" என்று வந்தது. இலியாஸ் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு இறங்கப் போனான். "தம்பி, சாவி" என்றாள். "என்னங்கக்கா?" "ஒண்ணுமில்ல. டீ சூடா இருக்குது." அவன் இறங்கிப் போய்விட்டான். டீ ஆறியே இருந்தது. கிளாஸைச் சக்கரத்தின் மட்கார்டில் வைத்தாள், லாரி கிளம்பிய குலுக்கலில் அது கவிழ்ந்து புது பெயின்ட்டில் கோடாக வழிந்தது, முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

செட்டுக்குள் போனது எது திரும்பி வந்திருக்கிறது. பிருந்தாவின் அப்பா இருந்தபோது வாங்கிய மருந்தடிக்கும் மிஷின், அவர் இறந்த வருசம் அங்கே கொண்டுபோய் வைத்தது, இந்த ஆறு வருசத்தில் ஊரே அதை மச்சாண்டாரின் மிஷின் என்று சொல்லப் பழகிவிட்டது. யாராவது இரவல் வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்கிறார்கள். துளசிமணிக்கு வேண்டுமென்றாலும் அக்காவிடம் சொல்லி அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டம், பிடுங்கியிருந்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம். அவர் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். துடைத்து, எண்ணெய் விட்டு, சாக்குப் போட்டு மூடி. இந்த டிராக்டரையும் துடைப்பார், எண்ணெய் விடுவார். சாவி ஆணியில் தொங்கும். அந்த ஆணிக்கு எதிரே கட்டில், கட்டிலில் அவர். மழை பெய்யும், மண் மணக்கும், இவள் கடவில் வந்து நிற்பாள், தன்னுடைய டிராக்டரின் சாவியைக் கேட்க முடியாமல் தூணில் பாசி சுரண்டிக்கொண்டு நிற்பாள். கேபினைத் தட்டிவிடலாமா. தட்டி? தட்டினால் லாரி நிற்கும், நின்றால் இலியாஸ் வந்து என்னங்கக்கா என்பான், அவனிடம் சொன்னால் அவன் அவரிடம் சொல்வான், அவர் அவனிடம் ஏதாவது நல்லதாகச் சொல்வார், எப்போதும் நல்லதாகத்தான் சொல்வார், அது திரும்பி இவளிடம் வரும்போது இவள் ம் என்பாள். வேறு விதமாக நடந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில்கூட. அன்றைக்கு விடிகாலை பிருந்தாவின் அப்பாவின் மூச்சு நின்றபோது கட்டிலுக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி மச்சாண்டார். இவளுக்குத் தெரிந்துவிட்டது, கையைப் பிடித்திருந்ததால் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. அறையில் வேறு யாரும் இல்லை. உங்க தம்பி போயிட்டாருங்க என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. குளிர்ந்துகொண்டிருந்த கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரமோ, நர்ஸம்மா வந்து, "அவங்ககிட்டச் சொல்லீருங்க" என்று இவள் சொல்லும் வரைக்கும். ஒரு மனுஷன் தம்பி செத்தது தெரியாமல் தம்பியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஜன்னலில் பால்வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குக் காரணம் இவள். நர்ஸம்மா சொன்னதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார், துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. அதை நினைத்தால் அவர்மேல் ஆங்காரப்படக்கூட முடியவில்லை. ஆங்காரமாவது வந்தால் பேச்சு வரும்.

ஒரு வேன் ரோட்டோரம் பின்பக்கத்தை மேட்டோடு ஒட்டவைத்து நின்றிருந்தது, லாரி அதைக் கடந்த பிறகுதான் அவள் பார்த்தாள். சந்தையில் வாங்கிய கறவை மாடு ஒன்று வேனிலிருந்து நேரே மேட்டின் மேல் காலை எடுத்து வைத்தது. ஏணியும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், வேனும் மேடும் ஒரே உயரம். மாடு இறங்கவில்லை, நடந்தது. மேட்டில் ஏறி நின்று சாவகாசமாக வாலை ஆட்டியது, சிறுத்துக்கொண்டே போயிற்று. துளசிமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது புள்ளியாகி மறைந்த பிறகும். ரோடு போட்டபோது நடுவில் வெட்டித் தாழ்த்தினார்கள். அவள் காட்டோரம் ரோட்டிலிருந்து இடுப்பு உயரம். இந்த லாரியின் பலகையும் இடுப்பு உயரம்தான், ஏறும்போது இடுப்பில்தானே இடித்தது. மேடும் பலகையும் ஒரே உயரம். நடுவில் கிளுவை வேலி. இருபத்தெட்டு வருசமாக அந்த வேலியை அவள் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், ஓர் ஆள் கை கனத்தில் நாலு குச்சி. திடீரென்று அவளுக்குக் கயிறு ஞாபகம் வந்தது, பைக்குள் பாம்பு கிடப்பதைப் போலத் திடுக்கிட்டாள். தன் காட்டை அளக்கவில்லை. தென்னை வரிசைக்கு நடுவே எவ்வளவு இடம் என்று அளக்கவில்லை, கரிசலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்கவில்லை. அவருடைய கடவை அளந்துகொண்டு போய், அந்த அகலத்துக்கு ஒரு டிராக்டர் வாங்கிக்கொண்டு வருகிறாள். அவரிடம் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வாங்கினதை அவர் வாசலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வாயிலிருந்து சிரிப்பா விம்மலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது, காற்று அதை வாங்கிக்கொண்டது.

ரெண்டு தட்டு. இப்போது எங்கே வந்திருக்கிறோம். பின்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவளுக்குத் தன் காடு வருவது எப்படித் தெரியும், தெரிகிறபோது அது போயிருக்கும். வாய்க்கால் பாலத்தில் லாரி தூக்கிப் போட்டது, பிறகு பாலம் கண்ணில் பட்டது. பாலத்திலிருந்து ஒரு வளைவு, வளைவு முடிந்தால் இவள் தென்னைகள், அவை முடிந்தால் களம். வளைவு வயிற்றில் தெரிந்தது, உடம்பு இடதுபக்கம் சாய்ந்தது. இப்போதே தட்ட வேண்டும், பார்த்துவிட்டுத் தட்டினால் தாமதம். கையைத் தூக்கினாள். கை கேபின் தலைக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. சித்திரையில் நாக்கு நின்றதே, அதே போல நின்றது. தனிக் கடவு என்று ஊர் பேசும். பிருந்தாவின் கல்யாணத்தை முன்னின்று நடத்த மச்சாண்டாரை விட்டால் இந்த வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. அவர் வராமல் போனால். முதல் தென்னை பின்னால் தோன்றியது, இவள் தென்னைதான், மட்டை தொங்கிக்கொண்டு, இரண்டாவது, மூன்றாவது, ஒவ்வொன்றாக அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஆறாவது தென்னையும் போன பிறகு, எப்போது அடித்தாள் என்று அவளுக்கே தெரியாமல், உள்ளங்கை எரிந்தது. ரெண்டு தட்டுக்குப் பதிலாக ஏழெட்டுத் தட்டுத் தட்டியிருந்தாள்.

லாரி கிறீச்சிட்டு நின்றது. இலியாஸ் ஓடி வந்தான். "என்னாச்சுங்கக்கா, விழுந்துட்டீங்களா?"

"இங்கயே எறக்கீரு, தம்பி."

"இங்கியா? வேலியல்ல இருக்குது."

"வேலிதான். மேட்டப் பாரு."

அவன் மேட்டைப் பார்த்தான், லாரிப் பலகையைப் பார்த்தான், தொழில்காரனின் கண் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. "பின்னால ஒட்ட விட்டு ரெண்டு பலகை போட்டாப் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதற்குள் மச்சாண்டார் இறங்கி வந்திருந்தார். செருப்பு கேபினிலேயே கிடந்தது. அவர் இலியாஸிடம், "களம் அந்தப் பக்கம் இருக்குதுன்னு சொல்லுப்பா" என்றார். இலியாஸ் மேலே பார்த்து, "அக்கா, களம் அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தான். துளசிமணி பானெட்டைப் பார்த்தாள். மாலையில் இனி நார்தான் பாக்கி.

"சாவியக் குடுங்க" என்றாள்.

இலியாஸ் தன் கையைப் பார்த்தான். அதில் லாரிச் சாவிதான் இருந்தது. அப்புறம் அவனுக்கு விளங்கியது, சட்டென்று வண்டியைப் பின்னால் விடுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டான். லாரி மேட்டோடு வந்து ஒட்டும் வரைக்கும், அவன் சங்கிலியை அவிழ்த்துக் கட்டைகளை எடுத்துப் பலகையைப் போடும் வரைக்கும் மச்சாண்டார் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, ஆனால் அவர் நிற்பது தோளில் தெரிந்தது. இப்போது அவர் திரும்பி நடந்தால் எல்லாம் முடிந்தது. அவர் நடந்தார். லாரியின் ஓரமாக வந்து, சட்டைப் பையில் கையை விட்டு, சாவியை எடுத்து, பக்கப் பலகையின் மேல் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவள் குனிந்து எடுத்தாள். சாவி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது.

மூன்றாம் தடவைதான் ஸ்டார்ட் ஆயிற்று. ஷோரூம் மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டியதுதான் அவள் படிப்பு. கிளட்ச்சை விட்டதும் வண்டி முன்னால் எகிறியது, பலகை கடகடத்தது, கிளுவைக் குச்சிகள் மடமடவென்று ஒடிந்து மூக்கில் பால் வாசம் ஏறியது, பக்கத்தில் இன்னும் நாலு விரல் அல்ல நாலு முழம் இடம் இருந்தது. உள்ளே தென்னை வரிசைக்கு நடுவில் வந்து பிரேக்கை மிதித்து நியூட்ரலில் தள்ளினாள். உடம்பெல்லாம் வேர்வை. சாவியைத் திருப்பினாள். என்ஜின் நிற்கவில்லை. மறுபடியும் திருப்பினாள். சாவி முழுக்கவே திரும்பிவிட்டது, வண்டி தடதடவென்று தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், நிறுத்தியது மெக்கானிக். எதை அழுத்தினான், எதை இழுத்தான், அவள் அப்போது கவனிக்கவில்லை, சாவியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். இறங்கவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம். ரோட்டில் ஹாரன் அடித்த பஸ்ஸுக்கு வழிவிட இலியாஸ் லாரியைத் தள்ளி ஓட்டிக்கொண்டு போயிருந்தான். ஒடிந்த வேலிக்கு வெளியே மச்சாண்டார் மட்டும் நின்றார். அவர் வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார். ஒரு ஆள் இல்லை. வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"அம்மிணி" என்றார். என்ஜின் சத்தத்துக்கு மேலே போக வேண்டி உரக்கவே சொன்னார். "ஸ்டியரிங்குக்கு அடியில கருப்பா ஒரு குமிழு இருக்கும் பாரு. அத இழு."

இழுத்தாள். சத்தம் நின்றது. தென்னை ஓலையில் காற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது. நடுவில் அக்கா இல்லை, இலியாஸ் இல்லை, இப்போது என்ஜினும் இல்லை. அவர் வேலி இருந்த இடத்தில் ஒரு காலை முன்னே வைத்து நின்றார், வைத்த காலை எடுத்துக்கொள்ளவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. காலில் ஒன்றும் போடவில்லை. துளசிமணி அந்தக் காலைப் பார்த்தாள், பிறகு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். பிருந்தாவின் அப்பாவுக்கு வயசாகியிருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார்.

"முள்ளுக் கெடக்குதுங்க," என்றாள். "செருப்பப் போட்டுட்டு வாங்க."